ஸ்காபரோவின் வரலாறும் புவியியலும் எங்கள் வீட்டு வேலை நேரங்களும்

யாராவது ஸ்காபரோவை இளக்காரமாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் காது சூடாகிவிடும். உங்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் என் வயதுக்காரர்கள். என்னைப் போலவே சின்னப் பிள்ளையாக இங்கே வந்து இறங்கி, இப்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி ஏறுகிறவர்கள். கூடப்பிறந்தவர்கள் மார்க்கம், ஏஜாக்ஸ் என்று பெரிய வீடு வாங்கிப் போனாலும், "எங்களுக்கு இது காணும்" என்று இங்கேயே இருந்துவிட்டவர்கள். போன கிழமை ஒரு கலியாண வீட்டில், நகர நடுவில், டவுன்டவுனில், கொண்டோ மாடிவீடு வாங்கியிருக்கும் ஓர் இளைஞர், மருமகன் முறையானவர், என்னிடம் கேட்டார்: "ஸ்காபரோவிலை அப்பிடி என்ன அன்ரி இருக்கு? ஷொப்பிங் மோலும் றோட்டும்தானே."

கையில் இருந்த வடையைக் கீழே வைத்தேன். "தம்பி, உமக்கு எவ்வளவு நேரம் இருக்கு? வரலாறிலை தொடங்கட்டோ, புவியியலிலை தொடங்கட்டோ?" என்றேன். அவர் சிரித்தார். நான் பகிடிக்குக் கேட்கவில்லை. பதினொரு வயதில், இந்த ஊரின் வரலாறு, புவியியல், பொருளாதாரம் மூன்றையும் பத்து நிமிடத்தில், ஆங்கிலத்தில், எழுந்து நின்று சொல்ல வேண்டிய ஒரு நிலை எனக்கு வந்தது. சொன்னால் என் வயதுப் பிள்ளைகளோடு படிக்கலாம். சொல்லாவிட்டால் என்னைவிட இரண்டு வயது சின்னவர்களோடு, மேசையில் முழங்கால் இடிக்க, அப்படியே இருக்க வேண்டியதுதான்.

அந்தச் சிக்கலுக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டவர் என் அப்பா. அன்பாகத்தான் விட்டார்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு தை மாதம் அம்மாவும் நானும் ஊரில் இருந்து இங்கே வந்து சேர்ந்தோம். அப்பா இரண்டு வருடம் முந்தியே வந்துவிட்டார். ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், லோரன்ஸ் வீதியோரத்து மாடிக் கட்டடம் ஒன்றில் ஏழாம் மாடி. இரண்டு அறை. ஓர் அறையில் அப்பா, அம்மா, நான். மற்ற அறையில் அம்மாவின் தம்பி, என் மாமா. ஹோலில் பாண் அங்கிள். அவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை. அப்பாவோடு ஒரே விமானத்தில் பக்கத்து இருக்கையில் வந்தவர். அதுவே ஒரு சொந்தமாகிவிட்டது. பேக்கரியில் வேலை என்பதால் அந்தப் பெயர். கதவு திறக்குமுன்பே அவருடைய வாசனை வந்துவிடும். சூடான மாவும் லேசாகப் புளித்த ஈஸ்டும் கலந்த வாசனை. அவர் தலைமயிரில் எப்போதும் கொஞ்சம் வெள்ளை இருக்கும். எது நரை, எது மா என்று நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

அப்பா ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் படம் கீறுகிறவர். அவருடைய ஆங்கிலம் திணைக்களத்துக் கடிதங்களில் படித்த ஆங்கிலம். முழங்கால் அளவு பனிக்குள் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அலுவலகத்தில் இருந்த பெண்மணி என் பிறந்த திகதியைப் பார்த்து, "ஆறாம் வகுப்பு" என்று எழுதப் போனார். அப்பா கையை நீட்டி மறித்தார். "நோ மேடம். நான்காம் வகுப்பு, தயவுசெய்து."

அந்தப் பெண்மணி பேனையைக் கீழே வைத்துவிட்டார். மேலே போடச் சொல்லி வருகிற தகப்பன்மாரை அவர் கண்டிருக்கக் கூடும். கீழே போடச் சொல்லி யாரும் வந்திருக்கமாட்டார்கள். பிரின்சிப்பல் வந்து சொல்லிப் பார்த்தார். அப்பா அசையவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கு விளக்கினார்.

"ஆறாம் வகுப்பிலை விட்டா இவள் இருபதாம் பிள்ளையா வருவாள். நாலிலை விட்டா முதலாம் பிள்ளை. ஒருக்கா முதலாம் பிள்ளையா வந்திட்டா பிறகு அந்த நினைப்பிலையே மேலை போயிடும்."

மாமா, "அத்தான் சொல்றதிலை நியாயம் இருக்கு" என்றார்.

அம்மா மட்டும், "அது சரியப்பா, இவள் என்ரை தோளுக்கு வந்திட்டாளே. அந்தக் கதிரைக்குள்ளை எப்பிடிக் கொள்ளுவாள்?" என்று கேட்டார்.

கொள்ளவில்லை. வகுப்புப் படத்தில் ரீச்சர் வலது பக்கம் நிற்க, நான் இடது பக்கம், இரண்டாவது ரீச்சர் போல நிற்கிறேன். புதிதாக வந்த ஒரு சின்னப் பையன் கழிவறைக்குப் போக என்னிடம் அனுமதி கேட்டான். அன்றைக்கு நான் தலையை ஆட்டி அனுமதி கொடுத்தேன். அதுதான் அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் வகுப்பில் வெளியிட்ட ஒரே கருத்து. வாயே திறக்கவில்லை. பெரிய பிள்ளை பிழையாகப் பேசினால் சின்னப் பிள்ளைகள் சிரிக்கும் என்ற பயம். கணக்கு மட்டும் பக்கம் பக்கமாகச் செய்து கொடுத்தேன்.

பங்குனியில் றிப்போர்ட் வந்தது. அப்பா அதை முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பினார். உறையைக் கவிழ்த்துத் தட்டினார். அடுத்த நாள் வேலை முடிந்து வந்த உடுப்போடே ரீச்சரிடம் போனார், என்னையும் இழுத்துக்கொண்டு.

"இதில் எங்கே இடம்?"

"என்ன இடம்?" ரீச்சர் உயரமான பெண்; எப்போதும் பெப்பர்மின்ட் இனிப்பு வாசனை; சட்டைக் கையில் சோக் தூள்.

"வகுப்பில் இவள் எத்தனையாம் பிள்ளை?"

"நாங்கள் அப்படி வரிசைப்படுத்துவதில்லையே."

அப்பா றிப்போர்ட்டை மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு, மிகவும் மரியாதையாக, "அப்படியென்றால் ஒரு பிள்ளைக்குத் தான் யாரென்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார். ரீச்சர் சிரிக்கவில்லை. "அதற்குக் கொஞ்சம் காலம் எடுக்கும்" என்றார்.

வீட்டில் இரண்டு நாள் அப்பா சோற்றை அளைந்துகொண்டிருந்தார். முதலாம் இடமே இல்லாத ஊரில், அதற்காகப் பிள்ளையை இரண்டு வகுப்பு கீழே இறக்கிவிட்டேனே என்ற நினைப்பு. மூன்றாம் நாள் போய், புதுப் பள்ளி வருடம் தொடங்கும் புரட்டாதியில் என்னை என் வயதுக்குரிய ஏழாம் வகுப்பில் விடச் சொல்லிக் கேட்டார். பிரின்சிப்பல் தலையைச் சொறிந்தார். வகுப்பில் ஒரு சொல்லும் பேசாத பிள்ளையை எப்படி மூன்று வகுப்பு தாண்ட விடுவது? அப்போதுதான் ரீச்சர் வழி சொன்னார். வைகாசியில் பெற்றோர் வரும் நாள் ஒன்று உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது செய்துகாட்டும். "இவள் ஸ்காபரோவைப் பற்றிப் பேசட்டும். வரலாறு, புவியியல், பொருளாதாரம். பத்து நிமிடம். நீங்களே வந்து கேளுங்கள்." பிரின்சிப்பல் சம்மதித்தார்.

அப்பாவுக்கு அது சோதனைப் பேப்பர் போல ஆகிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஸ்காபரோக் காலம்.

வரலாற்றை அப்பா நூலகத்தில் இருந்து எழுதிக்கொண்டு வந்தார். ஏரியில் கப்பலில் போன ஒரு கவர்னரின் மனைவி கரையில் வெள்ளை மண் மலைகளைப் பார்த்து, தங்கள் நாட்டு ஸ்காபரோவை நினைத்து இதற்கும் அந்தப் பெயர் வைக்கச் சொன்னாராம். "பாத்தியே, அந்த அம்மாவுக்கும் ஊர் நினைப்பு வந்திருக்கு" என்றார் அம்மா, வெங்காயம் வெட்டியபடி.

மிச்சத்தைச் சொன்னவர் எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட சூப்பர். ஸ்கொட்லாந்து வழி வந்த மனிதர். இடுப்பில் திறப்புக் கொத்துக் குலுங்கும். ஒருநாள் லிஃப்ட் பழுதாகி நின்றபோது அப்பா அவரிடம் பேச்சுக் கொடுத்தார். அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "நீங்கள் கார் நிறுத்துகிற இடத்தில் என் அப்பா உருளைக்கிழங்கு கிண்டினார். நான் பால் கறந்த இடத்தில் இப்போது சாமான்கடை. கடைக்குள் பால் இருக்கும் இடமும் ஏறத்தாழ அதேதான்." அப்பா அதைக் கடதாசியில் குறித்துக்கொண்டார். சூப்பர் இன்னொன்றும் சொன்னார். "எங்கள் ஆட்கள் வந்தது வெறும் நிலத்துக்கு என்று எழுதாதீர்கள். பெல்லமி வீதிப் பக்கம் ஒரு புல்மேடு இருக்கிறது. போய்ப் பாருங்கள்."

அடுத்த ஞாயிறு போனோம். வீடுகளுக்கு நடுவே ஒரு மேடு. வீடு கட்டுகிற காலத்தில் மண் வெட்டப் போன இடத்தில் எலும்புகள் வந்தனவாம். நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே சோளம் விதைத்து வாழ்ந்த ஆதிக்குடிகள் தங்கள் ஆட்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து அடக்கம் செய்த இடம். பனி உருகி, புல் மஞ்சளாகச் சப்பளிந்து கிடந்தது. அப்பா அடிவாரத்தில் நின்று குனிந்தார். சப்பாத்தைக் கழற்றினார். பிறகு காலுறையையும்.

"என்னப்பா செய்யிறியள்? விறைச்சுச் சாகப்போறியளே!" என்று அம்மா கத்தினார்.

"ஆக்கள் படுத்திருக்கினம்" என்றார் அப்பா.

அம்மா குனிந்து தன் சப்பாத்தின் ஸிப்பைக் கீழே இழுத்தார். நாங்கள் மூவரும் வெறுங்காலோடு அந்த ஈரப் புல்லில் நின்றோம். நாய் கூட்டிக்கொண்டு போன ஒரு வெள்ளைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, ஏதோ விளங்கியது போலத் தொப்பியைக் கழற்றினார். இப்போதும் அந்தக் குளிர் என் உள்ளங்காலில் இருக்கிறது. ஸ்காபரோவில் மோலும் றோட்டும்தான் என்று சொல்கிறவர்களைக் காணும்போது அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகத் தோன்றும். வெயில் காலத்தில்தான், நான் அவ்வளவு கொடியவள் அல்ல.

புவியியலுக்கு அப்பாவுக்கு ஒருவர் உதவியும் தேவைப்படவில்லை. பாண் அங்கிள் பேக்கரியில் மிஞ்சிய பழுப்புத் தாளைச் சுருளாகக் கொண்டுவந்து தந்தார். அப்பா அதை நிலத்தில் விரித்து, நாலு மூலையிலும் பருப்பு டின் வைத்து, படம் கீறத் தொடங்கினார். ஊரில் இருந்து கொண்டுவந்த மைப்பேனை ஒன்று இருந்தது. அதைத் தவிர அவருடைய தொழிலில் எதுவும் அவரோடு வரவில்லை. அவர் குனிந்து கோடு இழுக்கும்போது வீட்டில் ஒருவரும் நடக்கக் கூடாது. மாமா கட்டிலில் இருந்தபடியே தேத்தண்ணி கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்சில் போய்ப் பார்ப்போம், வந்து கீறுவார். பஸ் மாறி ஏற ட்ரான்ஸ்பர் என்று ஒரு மெல்லிய கடதாசித் துண்டு தருவார்களே, நினைவிருக்கிறதா? கைவியர்வையில் கரைந்து விரலில் மை ஒட்டும். அதைப் பத்திரமாகப் பிடித்திருப்பது என் வேலை. பஸ் கிழக்கே போகப் போக அப்பா கடக்கும் வீதிகளை என் காதுக்குள் சொல்லிக்கொண்டு வருவார். "வோர்டன், பேர்ச்மவுண்ட், கெனடி, மிட்லண்ட், பிரிம்லி. பாத்தியே? எல்லாம் நேர். முந்தி இதெல்லாம் பண்ணை. பண்ணைக்குப் பண்ணை எல்லைக் கோடு. ஆரோ ஒரு சேவையர் காட்டுக்குள்ளை நுளம்புக்கடியோடை அளவுச் சங்கிலி பிடிச்சு இழுத்த கோட்டிலைதான் இண்டைக்கு எங்கடை பஸ் போகுது." அந்த முகம் தெரியாத மனிதன் மேல் அப்பாவுக்கு இருந்த மதிப்பு, சொந்த அண்ணன் மேல்கூட இருக்கவில்லை. சரிந்து போகிற கிங்ஸ்டன் வீதி வந்ததும் மட்டும் சிரிப்பார். "இது ஒண்டுதான் அடிமட்டக் கோட்டுக்கு அடங்காதது. சேவையர் வர முந்தியே ஆக்கள் நடந்து உண்டாக்கின பாதையா இருக்கும். படத்திலை அதை நான் மாத்தேலாது."

மல்வேர்னில் புதிய வீடுகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. ஈர மரமும் சீமெந்தும் மணந்தன. அதற்கும் அப்பால் ரூஜ் பக்கம் வயல்தான், ஆறுதான். கடைசித் தரிப்பில் பஸ் சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். "என் பஸ் இங்கே முடிகிறது. ஸ்காபரோ இன்னும் முடியவில்லை. நடக்க விருப்பமானால் நடவுங்கள்" என்றார். இப்போது அந்தப் பக்கம் எங்கள் ஆட்களின் வீடுகளுக்கு முன்னால் மாவிலை கட்டிய கதவுகளைக் காணும்போதெல்லாம், அந்தச் சாரதி சொன்னது சரி என்று நினைத்துக்கொள்வேன்.

ஏரிக்கரைக்குப் போன நாள் தனி. பிரிம்லி வீதி கீழே இறங்கி இறங்கிப் போகும். ஒரு பக்கம் வெள்ளை மண் மலை, சுவர் போல. கீழே போனதும் திடீரென்று தண்ணீர், மறுகரை இல்லாத தண்ணீர். அம்மா நின்றுவிட்டார்.

"உது கடலோ?"

"ஏரி."

"அலை அடிக்குதே."

"ஏரிதான்."

அம்மா நம்பவில்லை. குனிந்து, இரண்டு விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். அவர் முகத்தில் வந்தது ஏமாற்றமா சிரிப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "உப்பில்லை. ஆனா குறை சொல்லேலாது" என்றார். எந்த ஊரைப் பற்றியும் அதைவிட நேர்மையான ஒரு கருத்தை நான் பிறகு கேட்கவில்லை.

அந்தப் படம் இப்போது என்னிடம் இல்லை. இரண்டு வீடு மாறியதில் எங்கேயோ போய்விட்டது. ஏரிக்கு நீலம், பள்ளத்தாக்குகளுக்குப் பச்சை, வீதிகளுக்கு மெல்லிய கறுப்பு. மண் மலைக்கு மட்டும் நிறம் அடிக்காமல் தாளின் பழுப்பையே விட்டிருந்தார். நிலம் தானே தன் நிறத்தைத் தரட்டும் என்றார்.

பொருளாதாரத்தில்தான் சண்டை வந்தது.

எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் இருக்கும். ஒவ்வொரு கிழமையும் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவது. மாமா இந்தக் கிழமை மத்தியான ஷிஃப்ட், இரண்டேகாலுக்கு வெளிக்கிடுவார், சோறு. பாண் அங்கிள் காலை எட்டுக்கு. அவருக்குப் புட்டு, பாணைக் கண்ணிலும் காட்டக் கூடாது. எதிர் வீட்டுக் கயானா அன்ரி ஆஸ்பத்திரி வேலைக்கு ஏழுக்கு. அவர் பிள்ளை எங்கள் வீட்டில் இருந்துதான் பள்ளிக்கூடம் வரும். அந்தத் தாளைப் பார்த்துத்தான் அம்மா உலை வைப்பார். "பொருளாதாரம் எண்டால் என்னம்மா?" என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? ஆருக்கு எத்தினை மணிக்குச் சாப்பாடு கட்டவேணும் எண்டுதான் எனக்குத் தெரியும்" என்றார். எனக்கு அதுவே விளக்கமாகப் பட்டது. அந்தத் தாளைப் பார்த்து எழுதப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"உதோ? உது சமையல் கணக்கு" என்றார் அப்பா. "பெரிய தொழிற்சாலையளைச் சொல்லு. கார், மருந்து, ரசாயனம். ஏற்றுமதி. நான் எழுதித் தாறன், பாடமாக்கு."

மாமா பிளாஸ்டிக் மூடி செய்யும் இடத்தில் வேலை. தயிர் டப்பாவுக்கான மூடிகள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அத்தான், மூடி இல்லாட்டி தயிர் எப்பிடிக் கடைக்குப் போகும்?"

"மூடியைப் பற்றியோ இவள் பிரின்சிப்பலுக்கு முன்னாலை கதைக்கிறது?"

"ஏன், பிரின்சிப்பல் தயிர் சாப்பிடுறேல்லையோ?"

பாண் அங்கிள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. நான் கேட்டேன்: "அப்பா என்ன வேலை எண்டு கேட்டா என்ன சொல்ல?"

பாண் அங்கிள் வாயிலிருந்து கையை எடுத்தார். எல்லோருக்கும் தெரியும். திருகாணி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அப்பா நிலம் கூட்டினார். இயந்திரங்களுக்குக் கீழே விழும் இரும்புச் சுருளும் எண்ணெயும். ஊருக்கு எழுதிய கடிதங்களில் "கம்பனியில் படப் பிரிவு" என்று எழுதியிருந்தார்.

"ட்ராஃப்ட்ஸ்மன் எண்டு சொல்லு" என்றார். "பொய்யில்லை. நான் அதுதான்."

அம்மா சட்டியைக் கிண்டிக்கொண்டே இருந்தார், கிண்ட ஒன்றும் இல்லாதபோதும்.

அப்பாவை நான் அப்போது கர்வக்காரர் என்று நினைத்தேன். இப்போது அவரைவிட வயது கூடிய நிலையில் யோசித்துப் பார்க்கிறேன். அவரை ஒருவரும் கேட்காமலே பல வகுப்பு கீழே இறக்கிவிட்டார்கள். அங்கே ஏதாவது ஒன்றில் முதலாவதாக வந்தால் ஏறிவிடலாம் என்று அவர் நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையைத்தான் எனக்கும் உடுத்திவிட்டார், தன்னுடைய கோட்டை என் தோளில் போடுவது போல.

வைகாசி வெள்ளிக்கிழமை பின்னேரம். ஜன்னல்கள் திறந்திருந்தன, வெட்டிய புல் மணம். பெற்றோர் எல்லாம் பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் மடங்கி இருந்தார்கள். அம்மா சேலைக்கு மேல் குளிர்ச் சட்டை. அப்பா அரை நாள் லீவு கேட்டு, தொழிற்சாலைக் கழிவறையிலேயே உடுப்பு மாற்றி, டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். முழங்கால் நெஞ்சுக்கு வர, அந்தக் கதிரையில் இருந்தார். பிரின்சிப்பல் கதவோரம் நின்றார். மாமா வரமுடியவில்லை; நிறம் நிறமாக மூடிகள் ஒரு பை தந்துவிட்டிருந்தார். பாண் அங்கிள் தன் பங்குக்குச் சின்னப் பணிஸ் பாண்கள், இன்னும் சூடு ஆறாமல். இரண்டு பையையும் மேசைக்கடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

எழுந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிவிட்டது. ரீச்சர் ஒரு பெப்பர்மின்ட்டை என் கைக்குள் வைத்தார். அப்பா எழுதித் தந்த முதல் வசனம் வந்தது. இரண்டாவது வந்தது. கவர்னர் மனைவி வந்தார், பண்ணைகள் வந்தன. புல்மேட்டைப் பற்றிச் சொல்லும்போது அப்பாவின் வசனம் இல்லாமல் நானே சொன்னேன்: "நாங்கள் சப்பாத்தைக் கழற்றினோம்." ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. படத்தை விரித்தபோது பின்னால் இருந்த பெற்றோர் எழுந்து வந்துவிட்டார்கள். தங்கள் தங்கள் வீதியை விரலால் தேடினார்கள். பிரின்சிப்பலும் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார்.

"இதை நீயா கீறினாய்?"

"இல்லை. என் அப்பா."

"அழகாக இருக்கிறது. உன் அப்பா என்ன வேலை செய்கிறார்?"

சொல் தயாராக இருந்தது. அப்பா மெல்லத் தலையை ஆட்டினார், சொல்லு என்பது போல. நான் அவரைப் பார்த்தேன். டை நேராக இருந்தது. சப்பாத்தின் கயிற்றில் மட்டும் இரும்புத் தூள் மினுங்கியது. அவசரத்தில் அதை அவர் கவனிக்கவில்லை. இத்தனை அழகாகப் படம் கீறிய கையும் அதே கைதான், கூட்டுகிற கையும் அதே கைதான். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அப்பாவில் பாதிதான் அந்த அறைக்குள் இருப்பார்.

"ஊரில் அவர் படம் கீறுகிறவர்" என்றேன். "இங்கே திருகாணி செய்யும் தொழிற்சாலையில் நிலம் கூட்டுகிறார்." அப்பா வெளிக்கிடும் நேரம் அம்மாவின் தாளில் ஒருநாளும் இருந்ததில்லை, அம்மாவுக்கு அதை எழுதிவைக்கத் தேவை இல்லை. நான் ஒரு மதிப்பில் சொன்னேன்: "காலை ஆறரைக்கு வீட்டிலிருந்து போவார். அவர் கூட்டாவிட்டால் மற்ற ஆட்கள் எண்ணெயில் வழுக்கி விழுவார்கள். அப்போது திருகாணி இல்லை. திருகாணி இல்லாவிட்டால் உங்கள் கதிரையும் இல்லை."

பிறகு பைகளை எடுத்தேன். மூடிகளைக் கொடுத்தேன், பணிஸைக் கொடுத்தேன். மாமா எத்தனை மணி, பாண் அங்கிள் எத்தனை மணி, கயானா அன்ரி எத்தனை மணி. "இதுதான் ஸ்காபரோவின் பொருளாதாரம்" என்று முடித்தேன். முடிக்க விடவில்லை. ஒரு பையன் எழுந்து, "என் அம்மா நாலு மணிக்கே போவார், டோனட் கடைக்கு" என்றான். "என் அப்பா கார் கண்ணாடி செய்கிறார்." "என் அப்பா பஸ் ஓட்டுகிறார், எல்லாருக்கும் முந்தி போவார்." ரீச்சர் ஒவ்வொரு நேரத்தையும் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனார். பலகை நிறைந்துவிட்டது. என் பத்து நிமிடம் அரை மணித்தியாலம் ஆயிற்று. நான் அப்பா இருந்த பக்கம் பார்க்கவேயில்லை.

கடைசியில் பிரின்சிப்பல் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாளை வைத்தார். புரட்டாதியில் ஏழாம் வகுப்பு. தகப்பன் ஒப்பமிட வேண்டும். ரீச்சர் பக்கத்தில் நின்று, "இந்த வகுப்பில் இவளைப் போல ஒரு பிள்ளை இல்லை" என்றார்.

அப்பாவின் கை பேனைக்குப் போய், நின்றது. அந்த வசனம் அவருடைய பழைய ஆசையைத் தட்டிவிட்டது என்று எனக்கு விளங்கியது. இங்கேயே விட்டால் நான் முதலாம் பிள்ளை, ரீச்சரே சொல்லிவிட்டார்.

"ஏழாம் வகுப்புக்குப் போனால்," அப்பா கேட்டார், "அங்கே இவள் எப்படி இருப்பாள்?"

"தெரியாது" என்றார் ரீச்சர். "கஷ்டப்படுவாள். முதல் வருடம் பின்னுக்குத்தான் நிற்பாள் என்று நினைக்கிறேன். ஆனால் தன் வயதுப் பிள்ளைகளோடு நிற்பாள்."

அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்கவில்லை. ஆனாலும் அப்பாவின் முழங்கையை ஒரு விரலால் தட்டினார். அப்பா ஒப்பமிட்டார். திணைக்களத்தில் வரைபடங்களுக்கு வைக்கிற அதே நீண்ட ஒப்பம், கடைசியில் ஒரு கோடும்.

வீட்டுக்கு நடந்தோம். லோரன்ஸ் வீதியில் இறைச்சி வாட்டும் கடைப் புகை. வேலிகளில் லைலாக் பூத்துக் கிடந்தது. அம்மா சோறு போடும் நேரம் வந்துவிட்டது என்று எட்டி நடந்து முன்னால் போய்விட்டார். அப்பா டையைத் தளர்த்தினார். கழற்றிச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்தார். இரண்டு சிக்னல் கடந்தோம். நான் இரண்டு அடி பின்னாலேயே நடந்தேன். எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டேனே.

"பிள்ளை."

"ஓமப்பா."

"நீ சொன்னதிலை ஒரு பிழை இருக்கு."

நான் நின்றுவிட்டேன். அவரும் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல், ஒரு பஸ் வந்து போகும்வரை வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறரை எண்டு சொன்னாய். நான் வெளிக்கிடுறது அஞ்சே முக்காலுக்கு. ரெண்டு பஸ் மாறவேணும். ஆறரைக்கு நான் அங்கை கூட்டுற தும்புத்தடியைக் கையிலை எடுத்திடுவன்."

"எனக்குத் தெரியாதப்பா. நான் அப்ப நித்திரை."

"இப்ப தெரியும்தானே" என்றார் அப்பா. "ஏழாம் வகுப்பிலையும் கேட்பினம். அங்கை சரியாச் சொல்லு."